98 சதவீதம் நீக்கினால் வேலை முடிந்துவிடுமா?

நீரிலும் நிலத்திலும் கலந்த நஞ்சைப் பிடித்து அகற்றும் பொருட்களைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குச் சுற்றுச்சூழல் வேதியியல் பேராசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பதினோராம் வகுப்பு மாணவிகள் புளியம்பழ ஓட்டைக் கரியாக்கி, படிகாரக் கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, புளோரைடு கலந்த நீரில் போட்டுக் கலக்கினார்கள். 98 சதவீதம் புளோரைடு நீங்கிவிட்டது. அறிவியல் கண்காட்சியில் பரிசும் வாங்கினார்கள். இப்போது பெற்றோர், "இதையே நம்ம ஊர்த் தண்ணித் தொட்டியில போட்டுடலாமே, டீச்சர்?" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்?
(ஆசிரியை, தருமபுரி மாவட்டம்)

பதில்: முதலில் மாணவிகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அவர்கள் செய்தது நல்ல வேதியியல். வெறும் கரியின் பரப்பு சாதாரண நீரில் பெரும்பாலும் எதிர்மின் தன்மையோடு இருக்கும். புளோரைடும் எதிர்மின் அயனி. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் கரியின் துளைகளில் படிந்ததும் கதை மாறுகிறது. புளோரைடுக்கு அலுமினியத்தின் மேல் தீராத பற்று உண்டு. ஆக, பிடித்தது அலுமினியம், அதற்கு உட்கார இடம் கொடுத்தது புளியோட்டுக் கரி. ஒரு பொருளின் பரப்பை நமக்கு வேண்டிய வேலையைச் செய்யும்படி அமைப்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை. அதை உங்கள் மாணவிகள் பள்ளிக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள்.

ஆனால் பெற்றோருக்குப் பதில் சொல்ல 98 என்ற எண் உதவாது. ஒரு பிடி கரியைப் போட்டு 60 சதவீதம் நீங்கினால், நான்கு பிடி போட்டு 98 ஆக்கிவிடலாம். கேட்க வேண்டியது வேறு: ஒரு கிராம் பொருள் எத்தனை மில்லிகிராம் புளோரைடைப் பிடித்தது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டரில் 5 மில்லிகிராம் புளோரைடு இருந்தது, 10 கிராம் கரி போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 98 சதவீதம் என்றால் 4.9 மில்லிகிராம். அதை 10 கிராமுக்குப் பங்கிட்டால், ஒரு கிராம் பிடித்தது அரை மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. இனி ஒரு வீட்டுக்கு வருவோம். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர். கிணற்று நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் புளோரைடு. இந்தியத் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. லிட்டருக்கு 3 மில்லிகிராம் வீதம் நாளைக்கு 60 மில்லிகிராம் நீக்க வேண்டும். உங்கள் கரியில் இதற்குத் தினமும் 120 கிராம் தேவை, மாதம் மூன்றரைக் கிலோவுக்கு மேல். இது ஒரே ஒரு வீட்டுக்கு. ஊர்த் தொட்டிக்கு என்றால் மூட்டை மூட்டையாகக் கரி சுட வேண்டும், மூட்டை மூட்டையாகக் கழிவையும் அள்ள வேண்டும்.

இரண்டாவது சிக்கல், அது எந்த நீர் என்பது. ஆய்வகத்தில் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் சோடியம் புளோரைடைக் கரைத்து, சில துளி அமிலம் விட்டுச் சோதிப்பார்கள். உங்கள் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீர் அப்படிப்பட்டதல்ல. கடினப் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி, பயோட்டைட், அப்படைட் போன்ற கனிமங்களிலிருந்து புளோரைடைக் கரைத்துக்கொண்டு வரும் நீர் அது. அதில் பைகார்பனேட்டும் ஏராளம், காரத்தன்மையும் உண்டு. அலுமினியப் பரப்பை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். ஆய்வக நீரில் புளோரைடு மட்டுமே பயணி. கிணற்று நீரில் ஹைட்ராக்சைடும் பைகார்பனேட்டும் முண்டியடித்து ஏறி உட்கார்ந்துவிடும். அதனால்தான் அலுமினா வகைப் பொருட்கள் பிஎச் 5 முதல் 6 வரையுள்ள நீரில் நன்றாக வேலை செய்கின்றன. 8ஐ நெருங்கும்போது சோர்ந்துபோகின்றன.

மூன்றாவது, நீர் ஓட வேண்டும். பீக்கரில் பொடியைக் கலக்கி வடிகட்டுவது எளிது. குழாயில் அதே பொடியை நிரப்பினால் அடைத்துக்கொள்ளும். அதைக் குருணையாக்க வேண்டும். குருணையாக்கினால் உட்புறத் துளைகளுக்குப் புளோரைடு போய்ச்சேர நேரம் பிடிக்கும். உலர்த்தியும் நனைத்தும் பயன்படுத்தும்போது அது உதிரக் கூடாது. அலுமினியம் கரைந்து குடிநீரில் வரவும் கூடாது. படிகாரத்தில் ஊறவைத்து உலர்த்தியதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடைசி ஆபத்து அதிகம்.

நான்காவதுதான் கிராமங்களில் பல வடிகட்டிகளை மூலையில் உட்காரவைத்தது. புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் தெரியாது. வடிகட்டி நிரம்பிவிட்டால், நீர் முன்போலவே தெளிவாகச் சொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போகும் புளோரைடு அப்படியே வெளியே வரும். சோதிக்காமல் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வீடு 3 முதல் 5 கிலோ ஆக்டிவேட்டட் அலுமினா (நுண்துளைகள் நிறைந்த அலுமினிய ஆக்சைடு) போட்ட வடிகட்டிகளை 1990களில் யுனிசெப் உதவியோடு ஆந்திரத்திலும் ராஜஸ்தானிலும் கொடுத்துப் பார்த்தார்கள். கிராமுக்கு 2 மில்லிகிராம் பிடிக்கும் என்று கொண்டால், 3 கிலோ அலுமினா நாம் கணக்கிட்ட வீட்டுக்கு 100 நாள் வரும். அதன்பின் காஸ்டிக் சோடாவால் கழுவி, நீர்த்த அமிலத்தால் பதப்படுத்தினால் மறுபடியும் வேலை செய்யும். பொருளில் குறையில்லை. நூறாவது நாளில் அதைக் கழற்றிக் கழுவ ஆள் வேண்டும், கழுவிய நீரைக் கொட்ட இடம் வேண்டும். அதில்தான் நூறு நாள் புளோரைடும் திரண்டு நிற்கிறது.

எலும்புக் கரியையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் எலும்பும் பல்லும் ஹைட்ராக்சி அப்படைட் என்ற கனிமத்தால் ஆனவை. புளோரைடு அதிலுள்ள ஹைட்ராக்சைடைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது. பல்லில் கறையும் மூட்டில் இறுக்கமும் வருவதில் இதற்கும் பங்குண்டு. மாட்டெலும்பைச் சுட்டுக் கரியாக்கி வடிகட்டியில் போட்டால், உடம்புக்குள் நடக்கவிருந்த அதே வேதிவினை வடிகட்டிக்குள் நடந்து முடிந்துவிடும். கென்யாவிலும் தான்சானியாவிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் எலும்பில் வடித்த நீரைக் குடிக்க எத்தனை வீடுகள் சம்மதிக்கும்? மக்கள் ஏற்பதும் ஒரு பொருளின் தகுதிதான். அதனால்தான் அதே கனிமத்தைச் செயற்கையாகச் செய்யும் ஆய்வுகள் நடக்கின்றன.

பெற்றோருக்கு இப்படிச் சொல்லுங்கள்: நல்ல நீர் வேறு இடத்திலிருந்து கிடைக்குமானால் அதுவே முதல் வழி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடால் வரும் பல், எலும்பு நோய்) தணிப்பும் சேர்ந்திருக்கிறது. குழாயில் காவிரி நீர் வரும் வீடுகளில் அதையே குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளலாம். மழைநீரிலும் புளோரைடு கிடையாது என்றே சொல்லலாம். இவை எட்டாத இடத்துக்குத்தான் வடிகட்டும் பொருள்.

மாணவிகளுக்கு அடுத்த ஆண்டுக்கான வேலை இது:

1. காய்ச்சி வடித்த நீரை விட்டுவிட்டு, ஊர்க் கிணற்று நீரிலேயே, அமிலம் விடாமல் சோதிக்கட்டும்.
2. சதவீதத்தோடு, கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்றும் எழுதட்டும்.
3. ஒரு குழாயில் நிரப்பி, நீரை விட்டுக்கொண்டே இருந்து, எத்தனையாவது லிட்டரில் 1.5ஐத் தாண்டுகிறது என்று பார்க்கட்டும்.
4. வெளிவரும் நீரில் அலுமினியம் இருக்கிறதா என்று குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கேட்டுப் பார்க்கட்டும்.
5. கழுவிப் பயன்படுத்தினால் மூன்றாம் முறை எவ்வளவு பிடிக்கிறது, கழுவிய நீரை என்ன செய்வது என்று ஒரு பக்கம் எழுதட்டும்.

இந்த ஐந்தையும் செய்த பிறகு எண் 98லிருந்து 40க்கு இறங்கினாலும் பரவாயில்லை. அந்த 40ஐ நம்பி ஒரு வடிகட்டியைத் திட்டமிடலாம்.

கேள்வி: காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக் கரி வியாபாரம் செய்கிறோம். இதே கரியை அப்படியே தண்ணீர் வடிகட்டியில் போட்டால் என்ன? ஆக்டிவேட்டட் கார்பன் என்று பத்து மடங்கு விலை சொல்வது எதற்கு?
(வியாபாரி, திருப்பூர் மாவட்டம்)

பதில்: நீங்கள் விற்பது பாதி வேலை முடிந்த பொருள். தொட்டியைக் காற்று அதிகம் படாமல் சுடும்போது ஈரமும் தாரும் ஆவியாகிக் கரி மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் அதன் நுண்துளைகளைத் தார் அடைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கரியை 900 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் நீராவியில் காட்டினால், நீராவி தாரையும் கரியின் ஒரு பகுதியையும் அரித்துக்கொண்டு போகும். பழைய துளைகள் திறக்கும், புதியவை உருவாகும். முடிவில் ஒரு கிராம் கரியில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கிறது. எடையில் பெரும்பகுதி இந்தச் சூட்டில் கரைந்துபோகிறது. விலை ஏறுவது அதனால்தான்.

தொட்டிக் கரிக்குத் தனிச் சிறப்பு உண்டு. அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. குளோரின் வாடை, பூச்சிமருந்து எச்சம், பெட்ரோல் ஆவி போன்ற சிறு மூலக்கூறுகள் அதில் நன்றாகச் சிக்கும். முதல் உலகப் போரில் நச்சுவாயுவுக்கு எதிரான முகமூடிகளுக்குத் தொட்டிக் கரியைத் தேடி ஓடியது இதற்காகத்தான். இன்றும் இலங்கையும் தென்னிந்தியாவும் உலகச் சந்தைக்கு இதை அனுப்புகின்றன. ஆனால் சாயப்பட்டறைக் கழிவுநீரிலுள்ள பெரிய சாய மூலக்கூறுகள் இந்தக் குறுகிய வாசலில் நுழையாது. அதற்கு அகன்ற துளைகள் கொண்ட மரக்கரியோ நிலக்கரி வகையோ பொருத்தம். புளோரைடு, நைட்ரேட், உப்பு, நீரின் கடினத்தன்மை ஆகியவற்றை இந்தக் கரிகள் பெரும்பாலும் அப்படியே போகவிட்டுவிடும். "கரி போட்ட பில்டர் எல்லாத்தையும் எடுத்துடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுட்ட கரியை நீர் ஊற்றி அணைக்கும்போது ஓடும் கறுப்பு நீரில் பீனால் வகைப் பொருட்கள் இருக்கும். அது கிணற்றில் இறங்கினால் ஊர் நீர் கெடும். உங்கள் பகுதியில் கரி சுடும் இடங்களை எதிர்த்து விவசாயிகள் போராடியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு ஊரின் நீரைச் சுத்தம் செய்யும் பொருளைச் செய்ய இன்னொரு ஊரின் நீர் கெட்டால் அந்தக் கணக்கு நேராகாது. புகையை மூடிய உலையில் எரித்து அந்த வெப்பத்தையே பயன்படுத்துவதும், அணைக்கும் நீரைத் தொட்டியில் பிடித்துத் திரும்பப் பயன்படுத்துவதும் செய்யக்கூடியவைதான்.

கேள்வி: "நானோ" என்று போட்டிருந்தால் தண்ணீர் வடிகட்டியை நம்பி வாங்கலாமா? உண்மையில் அது உழைக்கிறதா, வெறும் விளம்பரமா?
(வாசகர், மதுரை)

பதில்: பெயர்ப்பலகையை வைத்துச் சொல்ல முடியாது. உழைத்த நானோ ஒன்றைச் சொல்கிறேன்.

மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கைத் தடுக்க, 1970கள் தொடங்கி லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். கிருமி குறைந்தது. ஆனால் வண்டல் மண்ணிலிருந்த ஆர்சனிக் நீரோடு மேலே வந்தது. தோலில் புள்ளிகளோடும் தடிப்புகளோடும் வந்த கிராமத்தாரை 1980களின் தொடக்கத்தில் கொல்கத்தா மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள். குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அவ்வளவு சிறிய அளவுக்குக் கீழே இறக்குவது எளிதல்ல.

துரு பிடித்த இரும்புக்கு ஆர்சனிக்கைப் பிடிக்கும் குணம் உண்டு. ஆனால் எல்லாத் துருவும் ஒன்றல்ல. பெரிஹைட்ரைட் என்ற புதுத் துரு மிக நுண்ணிய துகள்களாக, மிகுந்த பரப்போடு இருக்கும். நாளாக ஆக அது வேறு கனிமமாக இறுகி, பிடிக்கும் இடங்களை இழந்துவிடும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு, இந்தப் புதுத் துருவை இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற உயிரிப் பொருளின் வலைக்குள் அடைத்தது. வலைக்குள் இருப்பதால் துகள்கள் இறுகுவதில்லை, நீரில் கலந்து வெளியேறுவதும் இல்லை. தயாரிப்பு அறை வெப்பநிலையில், நீரிலேயே நடக்கிறது. அம்ரித் என்ற பெயரில் ஆர்சனிக் பாதித்த பகுதிகளில் அது பயன்பாட்டுக்கு வந்தது. பிரதீப்புக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நானோ என்ற சொல்லே இல்லாமல் இதே வேலையைச் செய்ததும் உண்டு. வங்கதேசத்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராகப் பணியாற்றிய அபுல் ஹுசாம், பதப்படுத்திய இரும்புச் சீவல், மணல், கரி, செங்கல் துண்டு ஆகியவற்றை இரண்டு வாளிகளில் அடுக்கிச் சோனோ வடிகட்டியை உருவாக்கினார். 2007இல் பத்து லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு அதற்குக் கிடைத்தது. அதன் நுட்பம் இரும்பில் இருக்கிறது. ஆழ்துளை நீரிலுள்ள ஆர்சனிக்கில் பெரும்பகுதி மின்னேற்றம் இல்லாத வடிவத்தில் இருக்கும். அந்த வடிவம் பல பரப்புகளில் எளிதில் ஒட்டாது. இரும்பு துருப்பிடிக்கும்போது நடக்கும் வினை அதை ஒட்டக்கூடிய வடிவமாக மாற்றிவிடுகிறது.

எனவே கடைக்காரரிடம் நானோவா என்று கேட்க வேண்டாம். எந்த மாசை நீக்கும், எங்கள் ஊர் நீரில் எத்தனை லிட்டர் வரை நீக்கும், அந்தப் பொருள் நீரில் கசியாது என்பதற்கு என்ன சோதனை அறிக்கை, நிரம்பியதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேளுங்கள். மதுரையில் உங்கள் குழாயில் ஆர்சனிக்கே இல்லையென்றால் ஆர்சனிக் வடிகட்டி எதற்கு? முதலில் நீரைச் சோதியுங்கள், பிறகு பணத்தை எடுங்கள்.

கேள்வி: ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலைபோல் கிடக்கிறது. மழை பெய்தால் மஞ்சள் நீர் ஓடுகிறது. இரும்புத் தூளால் குரோமியத்தை நஞ்சில்லாமல் ஆக்கலாம் என்று படித்தேன். இங்கே ஏன் செய்யக் கூடாது?
(பொறியியல் மாணவர், ராணிப்பேட்டை)

பதில்: வேதியியல் நீங்கள் படித்தபடிதான். மஞ்சள் நிறம் ஆறு இணைதிறன் குரோமியத்தினுடையது. நீரில் நன்றாகக் கரையும், புற்றுநோயை உண்டாக்கும். இரும்பைத் தொட்டதும் அது மூன்று இணைதிறனுக்கு இறங்கி, ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். அந்த வடிவம் அநேகமாகக் கரையாது. தோல் பதனிடுவதில் பயன்படுத்துவதும் இந்த மூன்று இணைதிறன் குரோமியத்தைத்தான். ராணிப்பேட்டை மேடோ தோல் கழிவல்ல, 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு. தோல் கழிவையும் இந்த மேட்டையும் ஒன்றாகப் பேசினால் தீர்வு குழம்பும்.

இரும்புச் சுவர் உண்மையிலேயே கட்டியிருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 1991இல் போர்டன் என்ற இடத்தில் குளோரின் கரைப்பான்களுக்காக முதல் களச் சோதனையைச் செய்தார்கள். 1996இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் சிட்டியிலுள்ள கடலோரக் காவல்படைத் தளத்தில், குரோமியம் பூசும் பட்டறையிலிருந்து கசிந்த மாசைத் தடுக்க 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் வெட்டி இரும்புக் குருணையால் நிரப்பினார்கள். நிலத்தடி நீர் தானாக அதனூடே ஓடியது. மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பல ஆண்டுகள் கழித்தும் அது குரோமியத்தை நிறுத்திக்கொண்டிருந்ததை ஆய்வுகள் பதிவு செய்தன.

ஆனால் எலிசபெத் சிட்டி மணற்பாங்கான நிலம். நீர் எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று கணித்து அதற்குக் குறுக்கே சுவர் எழுப்பலாம். ராணிப்பேட்டைப் பக்கம் மேல் மண்ணுக்குக் கீழே கடினப் பாறை. நீர் பாறை வெடிப்புகளில் பிரிந்து பிரிந்து ஓடும். சுவரைச் சுற்றிக்கொண்டோ, அதற்கு அடியிலோ போய்விடும். வெடிப்புகளின் வரைபடம் கையில் இல்லாமல் இறங்கினால் இரும்பும் பணமும் வீண்.

அதைவிடப் பெரிய விஷயம், மேடு அங்கேயே இருக்கும்வரை ஒவ்வொரு மழையும் புதுக் குரோமியத்தைக் கரைத்துக்கொண்டு வரும். இரும்பு தீர்ந்துகொண்டே போகும், மேடு தீராது. எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: மழை இறங்காதபடி மேட்டை மூடுவது அல்லது பாதுகாப்பான குழிக்கு மாற்றுவது, ஓடிவரும் மஞ்சள் நீரைப் பிடித்துச் சுத்திகரிப்பது, அதன்பிறகு நிலத்தடியில் ஏற்கெனவே பரவியதற்கு இரும்பைப் போன்ற பொருள். மூன்றாவதை மட்டும் செய்து முதலாவதை விட்டுவிடும் திட்டத்தை யார் கொண்டுவந்தாலும், மேட்டை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் கையால் அள்ளியதைப் பார்த்தோம். இலவம்பஞ்சு எண்ணெயை உறிஞ்சும் என்கிறார்களே, உண்மையா?
(வாசகி, சென்னை)

பதில்: உண்மைதான். இலவம்பஞ்சு இழை உள்ளே வெற்றுக் குழாய், மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு. நீரில் மிதக்கும், நனையாது. எண்ணெயை மட்டும் உள்ளே இழுக்கும். ஆய்வகச் சோதனைகளில் தன் எடையைப் போல் முப்பது மடங்கு வரை எண்ணெயைப் பிடித்திருக்கிறது. கடைகளில் கிடைக்கும் பாலிபுரோப்பிலீன் உறிஞ்சிகளை இதில் அது மிஞ்சும். எருக்கம்பஞ்சிலும் இதே குணம் உண்டு.

ஆனால் உதிரிப் பஞ்சை நீரில் கொட்டினால் எண்ணெய் தோய்ந்த பஞ்சு அலையாத்திக் காட்டு வேர்களில் சிக்கி இரண்டாவது குப்பையாகிவிடும். வலைப் பையில் அடைத்து, கயிற்றோடு மிதக்கவிட்டு, இழுத்து எடுக்க வேண்டும். சேற்றிலும் வேரிலும் ஒட்டிய கெட்டி எண்ணெய்க்கு அது உதவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் சில மணி நேரத்திலேயே மிதவைத் தடுப்பு போட்டு எண்ணெயை ஓரிடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். பரவிய பிறகு எந்தப் பஞ்சாலும் துரத்திப் பிடிக்க முடியாது. எண்ணெய் ஆலைகள் உள்ள கழிமுகத்தின் கரையில் தடுப்பும் உறிஞ்சிப் பைகளும் முன்கூட்டியே இருப்பில் இருக்க வேண்டும் என்று கேட்பதுதான் பயனுள்ள கோரிக்கை.

கேள்வி: 2025 வேதியியல் நோபல் பரிசு பெற்ற உலோகக் கரிமச் சட்டகங்கள் மாசு நீக்கத்தில் புரட்சி செய்யுமா?
(முதுகலை மாணவி, திருச்சி)

பதில்: சுசுமு கிடாகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவரும் காட்டிய வழியால், உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் கோத்து, துளையின் அளவையும் அதன் உட்சுவரின் குணத்தையும் முன்கூட்டியே வரைந்து ஒரு பொருளைச் செய்ய முடிகிறது. சில சட்டகங்களில் கிராமுக்கு 7,000 சதுர மீட்டர் வரை பரப்பு கிடைக்கிறது. கரியில் துளை அமைவது ஓரளவு சூட்டின் போக்கு, இங்கே அது வேதியியலாளரின் விருப்பம். ஆலைப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிப்பதிலும், வறண்ட காற்றிலிருந்து நீரைப் பிடிப்பதிலும் இவை ஆய்வகத்தைத் தாண்டிவிட்டன.

கழிவுநீரில் மட்டும் கவனம் தேவை. பல சட்டகங்கள் நீரில் மெல்லச் சிதைந்து, தம் உலோகத்தையே நீரில் விடும். சிர்கோனியம் போன்றவற்றால் செய்தவை தாங்குகின்றன, ஆனால் விலை அதிகம். ஆய்வுத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், இன்னொரு புதுச் சட்டகம் செய்வதைவிட, இருக்கும் நல்ல சட்டகம் ஒன்று உண்மையான கழிவுநீரில் ஐம்பது சுற்றுக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தகவலுக்குத்தான் பஞ்சம்.

கேள்வி: இவ்வளவும் பிடித்த பிறகு, பிடித்த நஞ்சு எங்கே போகிறது? வீட்டு வடிகட்டியின் பழைய கேட்ரிட்ஜை நாங்கள் குப்பையில்தானே போடுகிறோம்?
(குடும்பத் தலைவி, சேலம்)

பதில்: வந்த கடிதங்களில் இதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒட்டிப் பிடிக்கும் பொருள் நஞ்சை அழிப்பதில்லை. நீரில் பரவிக் கிடந்ததை ஓரிடத்தில் திரட்டித் தருகிறது, அவ்வளவுதான். சாயம், பூச்சிமருந்து போன்ற கரிமப் பொருளைப் பிறகு எரித்தாவது அழிக்கலாம். ஆர்சனிக்கும் குரோமியமும் தனிமங்கள், புளோரைடு ஒரு தனிமத்தின் அயனி. அவற்றை எரித்துத் தீர்க்க முடியாது. கரையாத வடிவில், நீர் படாத இடத்தில் வைப்பது ஒன்றே வழி.

ஜப்பானில் புகுஷிமா அணுஉலை நீரிலிருந்து சீசியம், ஸ்ட்ரான்சியம் முதலியவற்றைச் சியோலைட் போன்ற பொருட்களால் வடித்தார்கள். வடித்து முடிந்த பொருட்கள் கதிரியக்கக் கழிவாகக் கலன்களில் அடுக்கிக் காவலில் இருக்கின்றன. ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியமோ நீரின் மூலக்கூறாகவே இருப்பதால் எந்த வடிகட்டியிலும் சிக்கவில்லை. அந்த நீரைத்தான் நீர்த்துப்போகச் செய்து 2023 ஆகஸ்டிலிருந்து கடலில் விடுகிறார்கள்.

நம் கைக்கு எட்டும் முன்மாதிரி மேற்கு வங்கத்தில் இருக்கிறது. லீஹை பல்கலைக்கழகத்தின் அருப் சென்குப்தாவும் கொல்கத்தாப் பொறியியலாளர்களும் 1990களின் பிற்பகுதியிலிருந்து கிராமக் கைப்பம்புகளோடு ஆர்சனிக் நீக்கும் கலன்களைப் பொருத்தினார்கள். உள்ளே போட்டது நாம் ஏற்கெனவே பேசிய ஆக்டிவேட்டட் அலுமினாதான். கிராமக் குழு மாதாமாதம் சிறு தொகை வசூலித்துப் பராமரித்தது. நிரம்பிய அலுமினாவை ஓரிடத்தில் கழுவி மீட்டார்கள். கழுவிய நீரிலிருந்த ஆர்சனிக்கை இரும்புச் சேறாகப் படியவைத்து, காற்றோட்டமுள்ள மணல் படுகையில் வைத்தார்கள். குப்பைமேட்டில் புதைக்காததற்குக் காரணம் உண்டு. காற்றில்லாத குப்பைக்குள் இரும்புத் துரு கரைந்துவிடும், அதோடு ஆர்சனிக்கும் விடுபடும்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். மாநகராட்சிக் குடிநீருக்குப் போட்ட சாதாரணக் கரி கேட்ரிட்ஜில் பெரும்பாலும் குளோரினும் அழுக்கும்தான். உலர்த்தி உலர் குப்பையில் போடலாம். புளோரைடு, ஆர்சனிக் போன்றவற்றுக்கான கேட்ரிட்ஜ் என்றால் தோட்டத்தில் கொட்டாதீர்கள், கழிவுநீர்க் கால்வாயில் கழுவாதீர்கள். விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். வாங்கும்போதே, "பழசைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். எடுத்துக்கொள்ள மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.